பெயரும் பேரும்

மலையகத் தோட்டங்களிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்கு நாம் வகுப்பறையில் உரைக்கும் பொருளன்றி வேறொரு பொருளும் உண்டு. பெயர் என்பது பேர் என மருவி வழங்குதல் எல்லார்க்கும் தெரிந்ததே. ஆனால் விடியற்காலையில் பெரட்டுக்களத்திற் கூடி, மலை ஏறி, மாலையிற் கொழுந்து நிறுத்துக் கொடுக்கும் தொழிலாளிக்குப் பேர் என்பது ஒருநாட் கூலியாகும். நாள் முழுவதும் வேலை செய்து, விதித்த நிறையையும் பறித்தவளுக்கு ஒரு பேர். நிறை குறைந்தவளுக்கு அரைப்பேர். வராதவளுக்குப் பேர் இல்லை. செக்ரோல் என்னும் பதிவேட்டிலே பெயருக்கு நேரே விழும் குறிதான் அந்த வீட்டின் அன்றைய அரிசி. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டபோது ஒரு பேரின் விலை அதுவாயிற்று.

இப்பகுதியிலே பல்லாண்டுகள் தமிழ் படிப்பித்தும் இச்சொல்லின் பாரத்தை நான் உணர்ந்தேனில்லை. அதனை எனக்கு உணர்த்தியது இலக்கண நூலன்று. வலப்பனைப் பகுதியிலுள்ள ஓர் அரச வைத்தியசாலையின் கிளினிக் மேசை. அந்த மேசையருகே நான் ஓராண்டுக் காலம் பகுதிநேர நிருவாக இணைப்பாளனாக இருந்தேன். அந்நாளில் நான் செய்த தவறொன்றையும், அத்தவறு எனக்குக் கற்பித்ததையும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் சொல்லவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். தவறு என்னுடையதாதலின் வைத்தியசாலையின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை.

இணைப்பாளர் என்பவர் யார்?

கீழைத்தேயக் கல்லூரியில் நன்னூல் படிப்பிக்கும் பண்டிதனுக்கு வைத்தியசாலையில் என்ன வேலை என்று அன்பர் சிலர் நகைத்தனர். வலப்பனைப் பிரதேசத்தின் நில அமைப்பை அறிந்தவர் நகையார். கீழ்ச் சரிவுகளிலே வயல்களும் சிங்களக் கிராமங்களும். மேலே இராகலை, ஹைபொரஸ்ட், உடப்புசல்லாவைப் பக்கங்களிலே தேயிலைத் தோட்டங்களும் லயங்களும். இருசாராரும் ஒரே வாங்கில் அமர்ந்து இலக்கத் துண்டுக்குக் காத்திருக்கும் இடம் அரச வைத்தியசாலை. அங்கே எழுதுவோரும் மருந்து கொடுப்போரும் பெரும்பாலும் சிங்களம் பேசுவோர். காத்திருப்போரிற் பலர் தமிழ் மட்டுமே அறிந்தோர். இரு மொழியும் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டுமென்று வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவினர் தேடியபோது, சனிக்கிழமைகளிலும் கல்லூரி விடுமுறை நாள்களிலும் வருவதாக நான் இசைந்தேன். பேருந்துச் செலவுக்குச் சற்று மேலான ஒரு சிறு படியும் தந்தார்கள்.

வேலை பெருமைக்குரியதன்று. நீரிழிவு, இரத்த அழுத்தம் என்னும் நெடுநோய்களுக்காக மாதந்தோறும் வருவோரின் பட்டியலை முதல்நாளே எழுதுதல். அவரவர் கோப்பை அலுமாரியிலிருந்து எடுத்து வரிசைப்படுத்தல். ஆய்வுகூடத்திலிருந்து வந்த இரத்தப் பரிசோதனைத் தாளை உரிய கோப்பில் இணைத்தல். அடுத்த தவணைத் தேதியைத் துண்டில் எழுதிக் கொடுத்தல். பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பப்படுவோரின் கடிதத்தையும் வண்டியையும் ஒழுங்குசெய்தல். வைத்தியர் சொன்னதை நோயாளிக்கும், நோயாளி சொன்னதை வைத்தியர்க்கும் எடுத்துரைத்தல். சுருங்கச் சொன்னால், ஓர் ஆளையும் ஒரு தாளையும் பிரியாதபடி சேர்த்து வைப்பதே இணைப்பாளரின் தொழில்.

வந்த சில வாரங்களிலேயே ஒன்று புலனாயிற்று. அரச வைத்தியசாலையில் மருந்துக்குக் காசில்லை. ஆயினும் தோட்டத் தொழிலாளிக்கு அங்கு வருவது இலவசமன்று. கிளினிக் நாளன்று பேர் இல்லை. பேருந்துக் கட்டணம் வேறு. கோப்பு அகப்படவில்லை, பரிசோதனைத் தாள் வரவில்லை, நாளை வாருங்கள் என்று நாம் எளிதாகச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவளிடமிருந்து இன்னொரு பேரைப் பறிக்கின்றது. மாதத்தின் 10ஆம் தேதியையொட்டிச் சம்பளநாள் வரும். அன்று தவணை கொடுத்தால் பாதிப்பேர் வாரார். வாராதவரின் மாத்திரை தீர்ந்துபோகும். தீர்ந்தபின் நோய் தலைதூக்கும். இதனை எழுதுவினைஞர் அறியார், அவர்மேற் குற்றமுமில்லை. தோட்டத்துச் சம்பளநாளை அவருக்குச் சொன்னவர் ஒருவருமில்லை. அந்நாளையும், மாரியம்மன் கோயில் திருவிழா நாள்களையும் நாட்காட்டியிற் சிவப்பு மையாற் குறித்து மேசைமேல் மாட்டியதே நான் அங்கு செய்த முதல் நற்செயல். தூரத்துத் தோட்டத்தார்க்கு முற்பகல் இலக்கங்களை ஒதுக்கியது இரண்டாவது. பிற்பகற் பேருந்தைத் தவறவிட்டால் மலைப்பாதையில் அவர்கள் நடந்தே ஏறவேண்டும்.

நோய்நிலை உணர்த்தல்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்துக்கு உறுப்புகள் நான்கு என வகுக்கின்றது. நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றை யாரும் சொல்லிவிடுவர். நான்காவதாக வள்ளுவர் வைத்தது உழைச்செல்வானை. அருகிருந்து செய்வன செய்பவனை. பரிமேலழகர் இந்நான்கனுள் ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு இயல்புகள் உரைப்பர். நோயாளிக்கு வேண்டுவனவற்றுள் ஒன்று, தன் நோயின் நிலையை மருத்துவனுக்கு உணர்த்துதல். பல முறை படிப்பித்த பகுதிதான் இது. ஆனால், உணர்த்தும் வாய்க்கும் கேட்கும் செவிக்கும் மொழி ஒன்றாக இல்லாவிடத்து அவ்வுறுப்பு முறிந்துபோகும் என்பதை அந்த மேசையருகேதான் கண்டேன்.

ஒரு நாள் தோட்டத்து முதியவளொருத்தி, “காலு ராவெல்லாம் காந்துதுங்க” என்றாள். அருகில் நின்ற ஏவலாளர், தமக்குத் தெரிந்த அளவில், கால் வலி என்று வைத்தியரிடம் சொன்னார். வலிக்கு மாத்திரை எழுதப்பட்டது. காந்தல் வேறு, வலி வேறு. நெருப்புப் பட்டாற்போன்ற எரிவையே நம் பெண்கள் காந்தல் என்பர். நீண்டகால நீரிழிவு நரம்பைத் தாக்கும்போது பாதம் எரியும். பின்னர் மரத்தும் போகும். மரத்த காலில் முள் தைத்தாலும், அட்டை கடித்த இடம் புண்ணானாலும் தெரியாது. தெரியாத புண் ஆழ்ந்து, ஈற்றிற் காலையே இழக்க நேரிடும். ஆகவே அந்த ஒரு சொல் வைத்தியர்க்குப் பெரிய செய்தி. நான் அதனை விளக்கியதும் அவர் உடனே அவளை இருக்கச் செய்து, இரு பாதங்களையும் விரல் விரலாகப் பார்த்தார். இளைஞர், காலியிலிருந்து வந்த சிங்களவர். “இப்படி இன்னும் எத்தனை சொற்கள் உண்டு, மாஸ்டர்?” என்று கேட்டார்.

அன்றிரவு இருந்து எழுதினேன். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, காந்தல், பிசைதல், இழுப்பு, விறைப்பு, தெறித்தல், மரத்தல், கிறுகிறுப்பு, படபடப்பு. ஒவ்வொன்றன் ஒலியையும் சிங்கள எழுத்தில் எழுதி, எதிரே பொருளையும் எழுதிக் கொடுத்தேன். தமிழில் மருத்துவம் உரைத்தல் இயலாதென்பாரும் உளர். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவருக்குக் கற்பித்தார். அதற்கென நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். அவருக்கு வேண்டிய சொற்களைப் பண்டிதர் தேடினர். எனக்கு வேண்டிய சொற்களோ தேடாமலே வாங்கில் அமர்ந்திருந்தன. அவற்றைக் கொச்சையென்று அதுவரை ஒதுக்கியவன் நான்.

சூத்திரம் செய்த பிழை

நிற்க. இனி என் தவற்றுக்கு வருகின்றேன்.

கிளினிக் பதிவேடு சிங்கள எழுத்தில் இருந்தது. அதனை எழுதியவள் ஓர் இளம் சிங்களப் பெண், பொறுமைசாலி. தமிழறியாதவளாயினும், நோயாளி தன் பெயரை எப்படி ஒலித்தாளோ, அடையாள அட்டையில் எப்படி இருந்ததோ, அப்படியே எழுதி வைத்திருந்தாள். தமிழ்ப் பட்டியலும் தமிழ்த் துண்டுகளும் வேண்டுமென்று நான்தான் கேட்டேன். அது நியாயமான விருப்பமே. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. வலப்பனை உட்பட நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999ஆம் ஆண்டிலேயே இருமொழி நிருவாகத்துக்கு உரியனவாக அறிவிக்கப்பட்டவை. எனவே பதிவேட்டைப் பார்த்து அனைவர் பெயரையும் தமிழில் எழுதினேன்.

எழுதினேன் என்பதிலும் திருத்தினேன் என்பதே பொருந்தும். லெச்சுமி, லெட்சுமி, லட்சுமி என்று பதிவேட்டிற் பலவாறாகக் கிடந்தன. வடசொல் தமிழில் வருங்கால் தமிழொலிக்கு ஏற்பத் திரியும் என்பது தொல்காப்பியம். ரகரத்தின் முன் அகர இகர உகரங்களும், லகரத்தின் முன் இகர உகரங்களும் வந்து நிற்கும் என்பது நன்னூல். இவ்விதிகளை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவன் நான். ஆகவே அத்தனை பேரையும் இலட்சுமி ஆக்கினேன். ராமாயி இராமாயி ஆனாள். கருப்பாயிகளுக்கு வல்லின றகரம் இட்டேன். அழகிய கையெழுத்து, பிழையற்ற தமிழ். பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது எனக்கு உண்டான பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

அப்பட்டியலில் இரு பெண்கள் அடுத்தடுத்து நின்றனர். வயது ஏறக்குறைய ஒன்று, தோட்டம் வேறு. இருவருக்கும் நீரிழிவு. சிங்களப் பதிவேட்டிலே ஒருத்தி லெச்சுமி, மற்றவள் லட்சுமி. பார்த்த மாத்திரத்தில் வேறுபாடு தெரியும். என் தமிழ்ப் பட்டியலில் இருவரும் இலட்சுமி. ஆய்வுகூடத்திலிருந்து வந்த இரு தாள்களையும் அப்பட்டியலைக் கொண்டே கோப்புகளிற் சேர்த்தேன். தாளில் கிளினிக் இலக்கம் இருந்தது. அதனை நான் பார்க்கவில்லை. எண்ணும் எழுத்தும் இரு கண் என்று மாணவருக்குச் சொல்பவன், ஒரு கண்ணை மூடிக்கொண்டேன்.

தாள் மாறியது. இரத்தத்திற் சர்க்கரை அளவாக இருந்தவளின் கோப்பில் மிகுந்திருந்தவளின் கணக்கு ஏறியது. நூற்றுக்கு மேற்பட்டோர் காத்திருந்த முற்பகல் அது. வைத்தியர் தம் முன் வைக்கப்பட்ட தாளைப் பார்த்தார். சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையை இருமடங்காக்கினார். அவள் கும்பிட்டு, நான் எழுதிய புதுத் தவணைத் துண்டையும் மருந்துப் பையையும் வாங்கிக்கொண்டு போனாள். மற்றவளுக்குச் சுகமாயிருக்கின்றது என்று சொல்லி அனுப்பினோம்.

பிற்பகலில் கோப்புகளை மீள அடுக்கும்போது அந்தச் சிங்களப் பெண்தான் கண்டாள். “மாஸ்டர், இந்த இலக்கம் இவருடையதல்லவே” என்று தாளை நீட்டினாள். என் கை குளிர்ந்துபோயிற்று. சர்க்கரை மிகுவது மெல்லக் கொல்லும். அளவுக்கு மேல் தாழ்வதோ ஓரிரவிற் கொல்லும். வியர்வை, நடுக்கம், மயக்கம் என்று தொடங்கி, கவனிப்பார் இல்லாவிடில் நினைவு தப்பும். முதியவள், இரவில் அரைவயிறு உண்பவளாகவும் இருக்கலாம். பதிவேட்டில் இருந்த தொலைபேசி எண் பயனில்லாததாய்ப் போயிற்று. வைத்தியரிடம் ஓடினேன். அவர் என்னைக் கடியவில்லை. உடனே செல்லுமாறு கூறி, ஒரு தாதியையும் உடன் அனுப்பினார். முச்சக்கர வண்டியில் மலை ஏறினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. தோட்டத்தின் பெயர் தெரியும், டிவிஷன் தெரியாது. “எந்த லெச்சுமிங்க?” என்று வழிநெடுகக் கேட்டார்கள். தோட்டம் முழுவதற்கும் லெச்சுமிகள் பலர்; இலட்சுமி ஒருத்தியும் இல்லை.

விளக்கு வைத்த பின்னரே அந்த லயத்தைக் கண்டோம். அவள் அடுப்பங்கரையில் இருந்தாள். மருந்துப் பை பிரிக்கப்படாமல் சுவர் மாடத்தில் இருந்தது. சிறுமியொருத்தி வெளியே வந்தாள். 5ஆம் வகுப்பிற் படிப்பவளாம்.

“மருந்து குடித்தாரா, மகள்?” என்றேன்.

“இல்லீங்க சேர். இந்தத் துண்டுல அப்பாயி பேரு இல்ல. இது இலட்சுமின்னு வேற யாரோ. அப்பாயி லெச்சுமி. ஐடென்டிக் காட்லயும் அப்படித்தான் இருக்கு. மாத்திக் குடுத்துட்டாங்க போல, குடிக்க வேணாம், நாளைக்குக் கொண்டுபோய்க் குடுப்போம்னு சொன்னேன்.”

முதியவள் எழுந்து வந்து, “அடுத்தவ மருந்த நான் குடிச்சா அவ என்னங்க செய்வா?” என்றாள்.

யான் ஒன்றும் பேசவில்லை. தாதி பையை மாற்றி, பழைய அளவை விளக்கிச் சொன்னாள். அவர்கள் எங்களுக்குத் தேநீர் தந்தார்கள். மறுநாட் காலை மற்ற இலட்சுமியையும் தேடிச் சென்று அழைத்து வந்தோம். அவளுக்கு அன்று ஒரு பேர் போயிற்று. அந்தப் பேரின் விலையை என் சிறுபடியிலிருந்து கொடுக்க முயன்றேன், அவள் வாங்கவில்லை.

ஒரு சிறுமி எழுத்தை எழுத்தாக வாசித்தாள். அதனால் ஓர் உயிர் ஆபத்துக்குத் தப்பியது. அவளுக்கு வாசிக்கக் கற்பித்த ஆசிரியர் யாரோ, அவரை வணங்குகின்றேன்.

தாளில் வாழும் மக்கள்

இதனை எழுத்தறிவின் பெருமையாக மட்டும் நான் கொள்ளவில்லை. மலையக மக்களின் வரலாற்றிலே, தாளில் ஏறிய பெயருக்கும் ஆளுக்கும் உள்ள இணைப்பு எப்பொழுதும் உயிர்ப்பிரச்சினையாகவே இருந்துள்ளது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டுச் சட்டத்தின்படி உரிமை கோரியவர்கள், இங்கு வாழ்ந்தமைக்கு ஆவணங் காட்டவேண்டியவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பின்னுக்குத் தள்ளியது. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை அக்கணக்கு முற்றாகத் தீர்ந்தபாடில்லை. இத்தகைய மக்கள், தம் அட்டையில் எப்படி எழுதியிருக்கின்றதோ அப்படியே பெயர் இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக நிற்பது அறியாமையன்று; பட்டறிவு. ‘லெச்சுமி’ என்பது பிழையான இலட்சுமி அன்று. அது ஒருத்தியின் பெயர். பிறப்பிலும் திருமணத்திலும் சேமலாப நிதியிலும் அவளுடன் கூடவே வந்த பெயர்.

2014ஆம் ஆண்டுமுதல் தேசிய அடையாள அட்டை சிங்களம், தமிழ் இரண்டிலும் வழங்கப்படுகின்றது. அதற்கு முன், இப்பகுதியிற் பெற்ற அட்டைகள் சிங்களத்தில் மட்டுமே இருந்தன. ஆகவே பலருடைய பெயர் சிங்கள எழுத்திற் புகுந்து, அதிலிருந்து தமிழுக்குத் திரும்பி வந்தது. அவ்வழியிற் சில சிதைந்தன, சில தப்பின. என் மேசையிலோ, தப்பியதைச் சிதைத்தவன் தமிழ்ப் பண்டிதன். காத்தவள் தமிழறியாத சிங்களப் பெண். இதனை எழுதுவதற்கு எனக்கு நாணமாயிருக்கின்றது. நாணம் கருதி மறைத்தால் கட்டுரை பொய்யாகும்.

மேனாட்டிலும் இந்தப் பாடத்தை வருந்தியே கற்றார்கள். கிரிமியப் போரின்போது 1854இல் ஸ்கூட்டாரி வைத்தியசாலைக்குச் சென்ற புளோரன்ஸ் நைட்டிங்கேலை, விளக்கேந்திய அன்னையாக மட்டுமே நம் பாடநூல்கள் காட்டுகின்றன. அவர் பதிவேடுகளோடு போராடியவரும் ஆவார். வைத்தியசாலைகளைப் பற்றி அவர் எழுதிய நூலிலே, ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தகுந்த பதிவுகள் எங்கும் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டார். எல்லா வைத்தியசாலைகளும் ஒரே முறையிற் பதிவு வைக்கவேண்டும் என்று வாதாடினார். உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டில் நோயாளர் பாதுகாப்புக்கென ஒன்பது வழிகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று, ஆளைப் பிழையின்றி அடையாளங் காணுதல். பெயரொன்றை மட்டும் நம்பாது, குறைந்தது இரண்டு அடையாளங்களேனும் ஒத்துப்பார்க்க வேண்டுமென்பது அதன் சாரம். எனக்கு அது முன்னமே தெரிந்திருக்கவேண்டும்.

அதன்பின் நாங்கள் மேற்கொண்ட முறை எளியது. பெயர், அட்டையில் உள்ளபடி எழுத்துக்கெழுத்து; மாற்றுவதற்கு யாருக்கும் உரிமையில்லை. கூடவே கிளினிக் இலக்கம்; தந்தை அல்லது கணவர் பெயர்; தோட்டம், டிவிஷன், லயம். தாளையும் கோப்பையும் இணைப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். இவற்றினும் முக்கியமான ஒன்றை அந்தச் சிங்களப் பெண்ணே சொன்னாள். “மாஸ்டர், நீங்கள்தானே லெச்சுமி என்று கேட்காதீர்கள். உங்கள் பெயர் என்ன என்று கேளுங்கள்.” எத்துணை நுட்பம்! நாற்காலியில் இருப்பவர் எதைக் கேட்டாலும் “ஆமாங்க” என்று தலையசைக்கும்படி நூற்றாண்டுக் கணக்காகப் பழக்கப்பட்ட மக்கள் இவர்கள். துரைக்கும் கங்காணிக்கும் சொன்ன ஆமாவை நமக்கும் சொல்லிவிடுவார்கள். அவர்கள் பெயரை அவர்கள் வாயாற் கேட்கவேண்டும். அவள் என்னிடம் தமிழெழுத்துக் கற்கத் தொடங்கினாள், விரைவிற் கற்றாள். முதலில் அவள் எழுதிப் பழகிய பெயர் லெச்சுமி.

உழைச்செல்வான்

தோட்ட மக்களுக்கு மருத்துவ வசதி செய்யும் கடமையை 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் அன்றே பேசியது. தோட்டந்தோறும் மருந்துச் சாலைகள் எழுந்தன. 1990கள் முதல் தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு தன் பொறுப்பில் ஏற்கத் தொடங்கியது. கட்டடம் வேண்டும், மருந்து வேண்டும், வைத்தியர் வேண்டும். இவற்றைக் கேட்டு எழுதுவோர் பலர். அருகிருந்து இணைப்பவர் வேண்டும் என்று கேட்பார் அரியர். அவ்விடம் ஒரு பகுதிநேர வேலையாக, ஒரு சிறுபடியோடு, யாரேனும் இசைந்தால் நடப்பதாகவும் இசையாவிட்டால் நில்லாமற் போவதாகவும் இருக்கின்றது. வள்ளுவரோ அதனை மருத்துவத்தின் நான்கிலொரு பங்காக வைத்தார். அவனுக்கு வேண்டும் இயல்புகளாகப் பரிமேலழகர் உரைப்பவை, நோயாளியிடத்து அன்பு, மனமொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வன்மை, அறிவு என்பன. சொன்னதைச் சொன்னவாறே செய்தல் என்னும் பகுதியை வகுப்பில் விரைந்து கடந்துவிடுவேன். இப்பொழுது அங்கே நின்று நின்று செல்கின்றேன்.

ஓராண்டு முடிந்ததும் அப்பணியை விட்டேன். தோட்டமொன்றிலே பிறந்து, உயர்தரம் படித்துத் தேறிய ஓர் இளம்பெண் இப்பொழுது அம்மேசையில் இருக்கின்றாள். என்னிலும் நன்றாகச் செய்கின்றாள். சம்பளநாள் அவளுக்குத் தெரியும். காந்தலும் கடுப்பும் தெரியும். எந்த லெச்சுமி எந்த லயம் என்பதும் தெரியும். மலையகத்தில் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் இத்தகைய ஒருவரை, பகுதிநேரமாகவன்றி நிலையான உத்தியோகமாகவே அமர்த்தவேண்டும் என்பது என் வேண்டுகோள். தகுதியுள்ள பிள்ளைகள் நம் பாடசாலைகளில் இருக்கிறார்கள்.

கல்லூரியில் இவ்வாண்டும் மொழிமுதல் எழுத்துக்களைப் பற்றிய சூத்திரத்தைப் படிப்பித்தேன். உதாரணமாக இலட்சுமி என்று பலகையில் எழுதியதும், மாணவனொருவன் எழுந்து, “சேர், என் அம்மாவின் பெயர் லெட்சுமி. நான் எப்படி எழுதவேண்டும்?” என்று கேட்டான்.

“அம்மாவைக் கேட்டு எழுது” என்றேன்.